கோட்டம் எடுத்த சக்கரம்

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி எதையும் நீ எனக்கு விட்டுவைக்கவில்லை. இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். சொல்லிப் பார்த்தேன். போன தடவை நான் பேசும்போது நீ "சொல்லும்மா, சொல்லும்மா" என்றாய், பின்னால் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது, நான் பேச்சை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சொல்லும்மா என்றே இருந்தாய். கடிதத்தில் அந்த வம்பு இல்லை, நீ படிக்காவிட்டாலும் மேசையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசுகிறார், அதில் ஒன்று "ரிமோட் எங்க". அது கேள்வியாக இருப்பதால் எனக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, ஆமாம் ஒழுகுது என்று உறுதி செய்துவிட்டுப் போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் முன்னால் அங்கே உட்கார்ந்தபடியே இணையத்தில் தேடிப் பிடித்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படிவம் நிரப்பி, ஒரு சைக்கிள் மையத்தில் என்னைச் சேர்த்துவிட்டாயே, அதைப் பற்றித்தான். வேலை இல்லாதவர்களும் பேச ஆள் இல்லாதவர்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஜனங்கள் கழித்துப் போட்ட சைக்கிள்களைச் சரிசெய்யக் கற்றுக்கொள்வார்கள், வேலையும் கிடைக்கும் மனிதர்களும் கிடைப்பார்கள் என்று வாசலில் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். நீ நிரப்பிய படிவத்தை அவர்களிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர், அச்சகம் மூடி ஆறு வருடமாகத் தனிமையில் இருப்பவர் என்று எழுதியிருந்தாய். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. தனிமை என்ற இடத்தில் பிழை இல்லை, அதனால் கோபத்தோடு போன நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் நாள் அங்கே ஒருங்கிணைப்பாளராக இருக்கும் பெண், உன்னைவிடப் பத்து வயது சின்னவள், எங்களை வட்டமாக உட்காரவைத்து ஒரு நூல்கண்டைக் கொடுத்து ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தூக்கிப் போடச் சொன்னாள். நாம் எல்லாரும் எப்படி இணைந்திருக்கிறோம் என்று காட்டுவதற்காம். நன்றாகவே இணைந்துவிட்டோம், அரைமணி நேரம் யாரும் எழுந்திருக்க முடியவில்லை. அவள் கைதட்டிவிட்டுக் கத்தரிக்கோல் தேடப் போனாள். என் பக்கத்தில் கண்பார்வை குறைந்ததால் லைசென்ஸ் பறிபோன ஒரு பஸ் டிரைவர், காலில் சுற்றிய நூலைப் பிரித்துக்கொண்டே, "முப்பது வருசமா டிராஃபிக்கைப் பிரிச்சுக்கிட்டு பஸ் ஓட்டினேன்க்கா, இது எந்த மூலைக்கு" என்றார். அந்தப் பக்கம் தையல் கடை மூடிப்போன ஒரு அம்மா. நான் ஆறு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அதை உன்னிடம் சொல்ல, நீ வழக்கமாகப் பேசும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். நீ பேசவில்லை. அடுத்த மாதம் பேசியபோது, "உனக்குத்தான் இப்ப ஆளுங்க இருக்காங்களேம்மா" என்றாய். ஞாயிற்றுக்கிழமைகளை நீ மையத்திடம் ஒப்படைத்துவிட்டாய் என்பது அப்போது எனக்குப் புரிந்தது. நல்ல ஏற்பாடு, இரண்டு பக்கமும் கையெழுத்து இருக்கிறது.

எனக்குக் கொடுத்த வேலை கோட்டம் எடுப்பது. சக்கரத்தைச் சுற்றிவிட்டால் வளைந்த இடத்தில் விளிம்பு பிரேக் கட்டையில் உரசும். ஒரு கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, மறுபடி சுற்றிப் பார்த்து, உரசல் போகும்வரை அப்படியே. சொல்லிக்கொடுத்த மெக்கானிக் ஒரு மாதத்தில் வந்துவிடும் என்றார், எனக்கு ஒரு வாரத்தில் வந்தது. பிழை கண்ணில் படுவதும் கை சும்மா இராததும் எனக்குப் புதிது இல்லை. டிரைவர் எனக்குப் புரூஃப் அக்கா என்று பேர் வைத்தார். "அக்கா, சக்கரத்தைப் படிக்காதீங்க, சுத்துங்க" என்பார். பத்தரைக்கு டீ, தையலம்மா அவள் சம்பந்தியைக் கிழித்துத் தொங்கவிடுவாள், நாங்கள் ஆளுக்கு ஒரு கத்தரி எடுத்துக் கொடுப்போம்.

இனி அங்கே உள்ள விதியைக் கேள். ஆறு மாதத்துக்குள் எப்போது வேலை கைவந்தாலும் தேர்வு வைப்பார்கள். தேறியவர் அன்றே வெளியே போய்விட வேண்டும். சான்றிதழ், புகைப்படம், கட்டிப்பிடிப்பு எல்லாம் உண்டு, திரும்பி வருவது மட்டும் கிடையாது, வந்தால் சார்ந்திருக்கும் மனநிலை வந்துவிடுமாம். வெளியே வேலை இருக்கிறதா என்றால், எங்களுக்கு முன் தேறிய ஒருவரை இன்னொரு மையத்தில் பெட்டி கட்டும் பயிற்சிக்கு அனுப்பினார்கள், அவர் அதிலும் தேறி இப்போது மெழுகுவர்த்தி ஊற்றும் பயிற்சியில் இருக்கிறார். எங்கள் தையலம்மா கைவேகத்தில் மூன்றாம் மாதமே தேறிவிட்டாள். அன்றிலிருந்து தினம் பத்தரை மணிக்கு எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிறாள். அந்த நேரத்தில் அங்கே பஸ் கிடையாது. ஒரு நாள் டிரைவர் டீயைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டப் பார்த்தார், ஒருங்கிணைப்பாளர் பெண் ஓடிப்போய், "ஆன்ட்டி, நீங்க எங்க வெற்றிக் கதை, இப்படி வந்து நிக்கலாமா" என்று அன்பாகக் கேட்டு அனுப்பி வைத்தாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவளுக்கே அங்கே ஆறு மாத வேலைதான். தையலம்மாவின் படம் உள்ளே சுவரில் சிரிக்கிறது, அடியில் "இவர் இப்போது சமூகத்தோடு இணைந்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஆளும் தெரிவாள்.

இதைப் பார்த்த மற்றவர்களுக்குப் புத்தி வந்துவிட்டது. டிரைவருக்கு அது முன்பே வந்திருந்தது, தேறாதவருக்கு இன்னொரு ஆறு மாதம் என்பதால் மூன்றாவது தடவையாகப் பயிற்சியில் இருக்கிறார். தேர்வு என்றால் பின்சக்கரத்து பிரேக் கம்பியை முன்னால் மாட்டிவிட்டு, "என்னமோ பிடிபட மாட்டேங்குது தம்பி" என்று தலையைச் சொறிவார். பஸ் ஓட்டியவருக்கு பிரேக் பிடிபடவில்லை என்பதை மெக்கானிக் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் எழுதிக்கொள்வார். ஆண்டறிக்கையில், சிலருக்குக் கூடுதல் ஆதரவு தேவைப்படுகிறது என்று வரும்.

போன வியாழக்கிழமை எனக்குத் தேர்வு, அதற்குமேல் மெக்கானிக்கால் தள்ளிப்போட முடியவில்லை. டிரைவர் முதல்நாளே, "ரெண்டு கம்பியை லூசா விட்டுடுங்கக்கா, போதும், ஆறு மாசம் ஓடிடும்" என்று சொல்லித்தந்திருந்தார். சரி என்று தலையாட்டினேன். அப்படியே இரண்டு கம்பியைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் டிக் என்று உரசியது. மெக்கானிக் நல்ல மனுஷன், நான் தோற்பதற்கு வசதியாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டிக், டிக். நான் பொறுத்துத்தான் பார்த்தேன். என் பெயர் போட்ட தாளில் தெரிந்தே ஒரு பிழையை விட்டுவிட்டு எழுந்து போக முப்பது வருடத்தில் நான் பழகவில்லை. கை தன்பாட்டில் போய் இரண்டு கம்பியையும் இறுக்கிவிட்டது. சக்கரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு நேராகச் சுற்றியது. மெக்கானிக் திரும்பிப் பார்த்து, "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்றார். டிரைவர் அன்று முழுக்க என் பக்கம் திரும்பவில்லை, கிளம்பும்போது, "நல்லா இருங்கக்கா, பஸ் ஸ்டாப்புல நிழல் இருக்கு" என்றார். ஒருங்கிணைப்பாளர் பெண் மட்டும் சந்தோஷத்தில் அழுது என்னைப் படம் எடுத்தாள்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்தார், அதுவே பெரிய விஷயம். "அப்ப இனிமே நீ பகல்லயும் வீட்லதான் இருப்பியா" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே பயம்தான் என்று நினைக்கிறேன்.

இன்னும் என்னை வெளியே அனுப்பவில்லை, அன்றே அனுப்புவது தானாக வந்து சேர்ந்தவர்களைத்தான், எனக்கு ஒரு தாள் பாக்கி இருக்கிறது. என்னைச் சேர்த்துவிட்டவன் நீ என்பதால் குடும்பத்தார் படிவம் உனக்கு மின்னஞ்சலில் வரும், ஐந்து கேள்வி. பதில்களைப் பார்த்து, நான் இன்னும் யாரோடும் இணையவில்லை என்று அவர்களுக்குத் தோன்றினால், சக்கரம் எவ்வளவு நேராக ஓடினாலும் ஆறு மாதம் நீட்டிப்பார்கள். உன்னிடம் பொய் எழுதச் சொல்லலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணிடம் நகல் வாங்கிப் படித்த பிறகு அதற்கு அவசியம் இல்லை என்று தெரிந்தது. முதல் மூன்று கேள்வியும் என் தன்னம்பிக்கை, திறமை, சிரிப்பு பற்றி, தாராளமாக நல்லபடியே போடு. ஐந்தாவது ஆலோசனை, காலியாக விடு. நான்காவது, பயிற்சி தொடங்கிய பிறகு நீங்கள் உங்கள் உறவினருடன் எத்தனை முறை பேசினீர்கள் என்பது.

குட்டிக்கு என் முத்தம். நேரத்துக்குச் சாப்பிடு, உட்கார்ந்தே இருக்காதே, உன் அப்பாவின் முழங்கால்தான் உனக்கும். மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், பேச ஆளோடு இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, படிவத்துக்கு இருபத்தெட்டாம் தேதி கடைசி. நான்காம் கேள்விக்குக் கூட்டியும் எழுதாதே, குறைத்தும் எழுதாதே, நடந்ததை அப்படியே எழுது. அதைப் பார்த்தால் என்னை வெளியே அனுப்ப யாருக்கும் மனசு வராது.

இப்படிக்கு,
உன் அம்மா