பட்டியலில் முதல் பெயர்

அன்பு மகனுக்கு,

இது அப்பாவின் சொந்தக் கையெழுத்து. முதியோர் வகுப்பில் ஐந்து மாதம் படித்தேன். பேருந்துப் பலகைகூட இப்போது என்னோடு பேசுகிறது. சிறையில் ஒழுங்காகச் சாப்பிடு.

உன் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் மனுவோடு வக்கீல் வந்தார். “எழுதினதுக்கா ரெண்டு வருஷம் ஜெயில்? பேச்சுரிமைன்னு ஒண்ணு இருக்கு பெரியவரே. இங்க கைநாட்டு வைங்க.”

“படிச்சிட்டுக் கையெழுத்தே போடுறேன்,” என்றேன்.

நம் ஊர் நர்ஸம்மாவைப் பற்றி ஊரே பார்க்க நீ போனில் போட்ட பதினொரு வரிகளும் அதில் இருந்தன. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஐந்தாம் வரியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவர் வேலையை விட்டதும், மகளைப் பள்ளி மாற்றியதும் அடுத்த பக்கத்தில்.

நீ எதைப் போட்டாலும், என் பிள்ளை எழுதியது என்று படிக்கத் தெரியாமலே போனில் அந்த இதயப் படத்தை அழுத்துவேன். இதற்கும் அழுத்தியிருக்கிறேன். மனுவோடு இருந்த, அழுத்தியவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. நான் முதலில் எழுதப் பழகிய பெயரும் அதுதான்.

இரண்டு வருஷம் அதிகம். அதனால் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த கடிதம் நர்ஸம்மாவுக்கு. ‘மன்னிப்பு’ என்று நேற்றிலிருந்து எழுதிப் பழகுகிறேன். உனக்குத்தான் எழுத்து எப்போதோ தெரியுமே.

இப்படிக்கு,
கைநாட்டை விட்டுவிட்ட உன் அப்பா