துணைப்பாடத்தில் ஓர் ஓட்டை

மூணாறு
ஞாயிறு காலை

அன்பு மகள் யோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் அந்த ஜெர்மனிக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் எஸ்டேட் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். பத்து நாளாக மழை விடவில்லை. அம்மா போனபிறகு ஒரு ஆளுக்குத்தானே உலை வைக்கிறேன், அதிலும் பாதி மிஞ்சிவிடுகிறது, பேச்சுச் சத்தமாவது கேட்கட்டும் என்று டிவியைச் சும்மா ஓடவிட்டுச் சாப்பிடுகிறேன். போனில் நீ சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்டு வைத்துவிடுகிறாய், அதற்குள் எனக்குப் பேச வாய் வருவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தாயே, அந்தப் பழைய மலையாள நாவல் மறுபடி துணைப்பாடமாக வந்திருக்கிறது. அதில் தோட்டத்துக் கிளார்க் நம் தமிழ் ஆட்களைப் பாண்டிக் கழுதைகள் என்று ஏசுகிற இடத்துக்காக பி.டி.ஏ. கூட்டத்தில் பெரிய ரகளை. லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத் தொழிலாளிகள் எழுந்து, எங்க பிள்ளைகள வையுறதுக்கா சார் பள்ளிக்கூடம் நடத்துறீங்க என்று கேட்டுவிட்டார்கள். பின்சி டீச்சரோ, எழுதியவர் ஏசுகிறவன் பக்கம் இல்லை, அந்தக் கொடுமையைக் காட்டத்தான் எழுதினார் என்றார். அதுவும் மெய்தான். ஹெட்மாஸ்டர், செல்லத்துரை சாரும் தமிழர்தானே, அவரே சொல்லட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார். நானும் பெரிய மனுஷனாட்டம், தாராளமாக நடத்தலாம், என் மகளே படித்தாள், அவளுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று சொல்லிவிட்டேன்.

எனக்குரிய புத்தகம் இன்னும் வராததால் திங்கட்கிழமை பீரோவிலிருந்த உன் பழைய புத்தகத்தைக் கொண்டுபோனேன். அட்டெண்டன்ஸ் வரிசைப்படி ஆளுக்கொரு பத்தி வாசிக்கிற வழக்கம்தான் இன்றும். அந்தப் பத்தி இந்துவுக்கு வந்தது, அவளும் லயத்துப் பிள்ளை. எழுந்து நின்றவள் வாயே திறக்கவில்லை. சரி, நானே வாசிக்கிறேன் என்று பக்கத்தைப் புரட்டினால், அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பேனாவால் கிறுக்கிக் கிறுக்கித் தாளே போயிருக்கிறது, அடுத்த பக்கம்வரை மை இறங்கியிருக்கிறது.

அப்போதுதான் தாயி எனக்கு உறைத்தது. அன்றைக்கு உன் முறை வந்தபோது, வாத்தியார் மகளுக்குச் சலுகை என்று எவனும் சொல்லிவிடக் கூடாதே என்று உன்னையும் வாசிக்க வைத்தேன். நீ வாசித்தாய், வகுப்பே சிரித்தது, நான் தலையைத் தூக்காமல் அடுத்த ஆள் என்றேன். அன்று சாயங்காலம் நீ என்னோடு வழக்கமாக வீட்டுக்கு வரும் ஜீப்பில் ஏறவில்லை, அந்த வருஷம் முழுக்க நடந்தேதான் வந்தாய். கூட்டாளிகளோடு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன், என்ன வாத்தியார் நான்! அம்மாவிடமாவது சொன்னாயா? கேட்க அவளும் இல்லை. இந்துவை உட்காரச் சொல்லிவிட்டு வகுப்பில் இதை அப்படியே சொன்னேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. இனி அந்தப் பத்தியை எந்தப் பிள்ளையும் வாய்விட்டு வாசிக்க வேண்டாம், நானே வாசித்து, அது யாருக்கு எப்படி வலித்தது என்று சொல்லி நடத்துகிறேன் என்று ஹெட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் செய்தது தப்பு தாயி. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு உன்னிடம் கடைசியாகச் சொல்கிறேன், அதுவும் தப்புதான்.

இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்குச் சளி சட்டென்று பிடிக்கும். இந்தக் கடிதம் கிடைத்தபிறகு வருகிற ஞாயிறு போன் செய்யும்போது மாத்திரையைப் பற்றிக் கேட்க வேண்டாம், போட்டுவிடுவேன். அன்று ஜீப்பில் ஏறாமல் நின்றாயே, அப்போது என்னிடம் சொல்ல நினைத்ததைச் சொல். திட்டினாலும் சரி, எவ்வளவு நேரமானாலும் சரி, அடுத்த ஆள் என்று சொல்ல மாட்டேன்.

உன் அப்பா,
செல்லத்துரை