நடுவில் நின்ற புள்ளி

வெள்ளி இரவு, இஷாத் தொழுகைக்குப் பின்

பழைய கேம் கன்சோல் ஒன்றுக்கு, இருவர் சேர்ந்து ஆடும் விளையாட்டு எழுதுகிறேன். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி றிப்காவைக் கூப்பிட்டுச் சோதித்தேன். திரையின் இடது ஓரத்தில் நான் விரல் வைத்தேன், வலது ஓரத்தில் அவள். தொட்ட இடத்தைக் காட்ட வேண்டிய புள்ளி, யாருமே தொடாத நடுவில் போய் நின்றது.

"நீ ஒழுங்கா அமத்தல்ல" என்று கத்தினேன்.

"அமத்திட்டுத்தான் இரிக்கன் ராத்தா, வல்லாஹி."

நான் நம்பவில்லை. அவள் கோபத்தில் விரலை எடுத்தாள். புள்ளி ஒரே ஓட்டமாக என் விரலடிக்கு வந்தது. திரும்ப வைத்தாள், நடுவுக்குப் போனது. அந்தத் திரைக்கு ஒரு புள்ளிதான் காட்டத் தெரியும்; இரண்டு விரல் பட்டால் இரண்டுக்கும் நடுவைக் காட்டுகிறது. ஆனால் சோதனைக்காக நான் திரையில் ஓடவிட்டிருந்த, அழுத்தத்தைக் காட்டும் எண், அவள் விரல் பட்டபோதெல்லாம் மாறியது. இரண்டு விரல் இருப்பதை அது முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

தொழுதுவிட்டு இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹை விரல் கணுக்களில் எண்ணினேன். மறுமையில் விரல்கள் சாட்சி சொல்லும் என்றுதான் நாங்கள் மணிமாலையை விட்டு விரலில் எண்ணுகிறோம். இன்று பாதியிலேயே எண்ணிக்கை தப்பிவிட்டது. றிப்காவின் விரல் இன்றைக்கே சாட்சி சொல்லிவிட்டது. அவள் தூங்கிவிட்டாள். நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.