செல்வி லாரியை மறித்த நாள்

ஞாயிறு, இரவு

இன்று காலை செல்வி கல் லாரியை மறித்துவிட்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் குவாரி லாரிகள் வேகம் குறைக்காமல் வருவதை அவளால் பொறுக்க முடியவில்லை. நடுத்தெருவில் போய் நின்றாள். லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

மேலூர் நூலகத்திலிருந்து அவளுக்குப் புத்தகம் எடுத்து வருபவள் நான்தான். சிறைக்குப் போன பெண்கள், நிலத்துக்காக அடிபட்டவர்கள் கதை என்றால் சோறு மறந்து படிப்பாள். நானும் படித்துவிட்டு, "எம்புட்டுத் துணிச்சல் பாரு" என்பேன். வீட்டில் உட்கார்ந்து சொல்வது எளிது.

சாயங்காலம் குவாரி மேஸ்திரி வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "தங்கச்சிகிட்ட சொல்லி வைங்கக்கா. தினம் ரோட்டுல நடக்குற பிள்ளை" என்றார். அந்தத் தணிந்த குரல் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

"உனக்குப் பயமே இல்லையா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"இல்லாம இருக்குமா அண்ணி? நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். தனியாப் போகத்தான் பயமா இருக்கு. நீங்களும் வாங்க."

வாரேன் என்று சொல்லிவிட்டேன்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனில், "நீயாவது அவளைத் தடுக்கக் கூடாதா?" என்று கத்தினார். நான் தடுத்தாலும் அவள் நிற்க மாட்டாள். தனியாகப் போவாள், அவ்வளவுதான்.

சற்று முன் மனுவை எடுத்து, அவள் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் போட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த அறையில் புரண்டு புரண்டு படுக்கிறாள்.