எனக்கு எழுதிய டப்பா

2007 ஜூலை, செவ்வாய். மத்திகிரி.

வயிற்றுப் பிள்ளை எடை போடவில்லை என்று போன மாதம் டாக்டரம்மா எனக்கு சோயா புரோட்டீன் பவுடர் எழுதினார். டப்பா வந்ததும் மாமியார் வாங்கி வைத்துக்கொண்டார். "ஷிப்டுக்குப் போறவனுக்குத்தான் தெம்பு வேணும். நீ வூட்ல சும்மாதானே இருக்கற?" தினமும் கம்பெனி பஸ் வருவதற்குள் இவருக்குப் பாலில் கலக்கிக் கொடுத்தது நான்தான்.

இன்று டாக்டரம்மா, "பவுடர் ஒழுங்கா குடிக்கிறியாம்மா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் இவர், "டப்பாவே காலி மேடம்" என்றார். அது பொய்யில்லை. "அப்புறம் ஏன் எடை ஏறல?" என்று திட்டு மட்டும் எனக்கு. இன்னொரு டப்பா எழுதினார்.

மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "சாக்லேட்டா, வெனிலாவா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

இவர்தான் கூசாமல் சொன்னார்: "அவளுக்கு சாக்லேட்தான் புடிக்கும்."