குதிரை வராத குதிரைச்சண்டை

6 ஜூன் 2004, ஞாயிறு

இன்றும் குதிரை வரவில்லை.

ஞாயிறுதோறும் தாயக்கட்டை உருட்டி நாங்கள் ஆடும் கதை விளையாட்டில் என் வீரன் செங்கோடனுக்கு ‘குதிரைச்சண்டை’ திறமையை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. குதிரைமேல் இருந்தால் அடி இரண்டு மடங்கு. கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவன் என் நண்பன் தென்னரசு. அவன் கதையில் ஒரு கழுதைகூட வந்ததில்லை. அடுத்து ‘இருட்டுச்சண்டை’ எடுத்தேன். வெளிச்சமே இல்லாத இடத்தில் வாள் தப்பாது. ஆனால் என் தங்கை தேவிப்ரியாவின் மந்திரவாதி எங்கே போனாலும் முதல் வேலையாகப் பந்தம் கொளுத்திவிடுகிறாள்.

இப்போது இன்னொரு திறமை எடுக்கலாம். எப்போதும் பலிக்கும் ‘கனத்த அடி’யா, இடுப்பளவு தண்ணீரில் மட்டும் பலிக்கும் ‘நீர்ச்சண்டை’யா? தென்னரசுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் பூதத்தோடு கடைசி ஆட்டம். அதில் செங்கோடன் செத்தால் செத்ததுதான்.

“கனத்த அடிய எடுத்துத் தொலைணா. தண்ணி எங்க வரப்போவுது?” என்றாள் தேவி.

காபி கொண்டுவந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, “தாயக்கட்டைய உருட்டிகினு வாயாலயே சண்ட போட்றீங்க. இதுக்கு இவ்ளோ பேஜாரா?” என்றாள்.

13 ஜூன்

தென்னரசு வந்து கத்திவிட்டுப் போனான். பூதத்தின் கோட்டை வரைபடத்தைக் காணோமாம். எங்கள் தறிக்கு நான் புடவை டிசைன் போடும் கிராப் தாளில்தான் வரைந்தானாம், போன வாரம் என் மேசைமேலேயே மறந்து வைத்துவிட்டானாம். “நீ பாத்துட்டு ஒளிச்சி வெச்சிகினு கீற” என்கிறான்.

நானா? ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே இருக்கிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

14 ஜூன்

மேசை, பீரோ, குப்பைக்கூடை. எங்கேயும் இல்லை.

4 ஜூலை

அப்பா தறியிலிருந்து புதுப் புடவையைக் கொண்டுவந்து விரித்தார். மெரூன் பட்டு, ஜரிகை பார்டர். பார்டரில் சதுரம் சதுரமாக அறைகள், ஒரு வளைந்த படிக்கட்டு, நடுவில் நீலத் திட்டு. தென்னரசின் கோட்டை வரைபடம்!

“உன் மேசைல கெடந்த கிராப்புடா. நீ போட்ட டிசைன்னு தறிக்கு அட்டை குத்தக் குடுத்துட்டேன். நல்லாதான் கீது. இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி போவுது?”

பூதத்தின் அறைக்கு முன்னால் ஏரி. பார்டர் திரும்பத் திரும்ப வருவதால் புடவை முழுக்க ஏரி.

5 ஜூலை

நீர்ச்சண்டை எடுத்தால் செங்கோடன் பிழைப்பான், நான் திருடனாவேன். எடுக்காவிட்டால் அவன் முழுகுவான். பார்த்ததை எப்படிப் பார்க்காமல் ஆக்குவது? தண்ணீர் வர வேறு நேரமே கிடைக்கவில்லையா?

6 ஜூலை

புடவையைத் தூக்கிக்கொண்டுபோய் தென்னரசு முன்னால் விரித்தேன். தரையில் உட்கார்ந்து சிரித்தான், கண்ணில் தண்ணீர் வரும்வரை. “தப்பா பேசிட்டேன்டா” என்றான். அவன் அம்மா புடவையைத் தடவிப் பார்த்து, இது எனக்குத்தான் என்று மடியில் வைத்துக்கொண்டார்.

கனத்த அடியே எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“எடு. நானும் ஏரிய தூத்துட்டு வேற கோட்ட கட்றேன்” என்றான்.

18 ஜூலை

கடைசி ஆட்டம். கோட்டைக்குள் நுழைந்ததும் காற்று அடித்துத் தேவியின் பந்தம் அணைந்தது. மறுபடி கொளுத்தினாள். மறுபடி அணைந்தது.

“ஓரமா இன்னாவோ கனைக்குது” என்றான் தென்னரசு, என்னைப் பார்க்காமல்.

எனக்கு முதலில் புரியவில்லை. தேவிதான், “அநியாயம்ணா இது” என்றாள்.

கும்மிருட்டில், குதிரைமேல் உட்கார்ந்து, செங்கோடன் பூதத்தைச் சாய்த்தான். கனத்த அடி என்று ஒன்று கையில் இருந்ததே எனக்கு ஞாபகம் வரவில்லை. தேவி இன்னும் என்னோடு பேசவில்லை.

25 ஜூலை

தென்னரசைப் பெங்களூருக்கு வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு அவன் அம்மா அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்திருந்தார். திடீரென்று குதிரை எங்கிருந்துடா வந்தது என்று கேட்டேன்.

“மூணு வருஷமா குதிர குதிரனு உயிர எடுத்த. போவசொல்லோ குடுத்துட்டுப் போலாம்னுதான்” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்தால், கோட்டை பார்டரைக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள், அடுத்த டிசைன் எப்போது என்று அப்பா நிற்கிறார். கிராப் தாளை எடுத்து வைத்தேன். முதலில் ஒரு குதிரை போட்டேன்.