புள்ளிக் கோட்டின் மேல் வீடு

தை 12.

பக்கத்து நிலத்து ஏழுமலை என் கரும்பு வண்டியைத் தன் நிலத்தில் மறித்து, “இங்க பாதையே கெடையாதுபா” என்றான். ஆத்திரத்தில் மாரியம்மன் கோயிலில் ஊர் பார்க்கக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன்: அந்தக் காலத்துக் கிராம மேப்பில் பாதை எங்கே இருக்கிறதோ, யார் இடமானாலும் அங்கேயே பாதை விட வேண்டும்.

மாலையில் வி.ஏ.ஓ.விடம் மேப்பை வாங்கி, மதகடிப்பட்டு ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்டிப்பாதை புள்ளிக் கோடாக வாய்க்காலைத் தாண்டுகிறது. ஏழுமலை நிலத்தைத் தொடவே இல்லை. போன வருஷம் நான் கட்டிய வீட்டுக்குள் நேராக நுழைகிறது.

“உன்ன யாருயா மேப்பு கேக்கச் சொன்னா?” என்றாள் மனைவி.

ஏழுமலை போன் செய்தான். “மேப்பு கெடச்சிச்சா? காலைல ஊரே பாதையப் பாக்க வருது.”

“கெடச்சிச்சு” என்றேன். சத்தியம் செய்த வாய், வேறென்ன சொல்லும்.

நான் உட்கார்ந்து இதை எழுதும் கட்டில் கிடப்பதும் அந்தப் புள்ளிகளின் மேல்தான்.